ஜப்பானிய ஃபோர்ஜ்டு அயர்ன்: மென்மையை விடுங்கள், சாணையைப் பாருங்கள்

கோல்ஃப் ஆடும் ஒருவர் கேட்கிறார். அயர்ன் என்பது எஃகுத் தலை கொண்ட கோல்ஃப் மட்டை; ஃபோர்ஜ்டு என்றால் காய்ச்சி அடித்துச் செய்தது; ஹேண்டிகேப் என்பது ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறைவாக இருந்தால் ஆட்டம் மேல். கேள்வி இது: "என் ஹேண்டிகேப் 6. பத்து ஆண்டுகளாக வார்ப்பு அயர்ன்களால்தான் ஆடுகிறேன். ஜப்பானில் கைவேலையாகச் செய்யும் ஃபோர்ஜ்டு அயர்ன்களை எல்லோரும் புகழ்கிறார்கள். எஃகு மென்மையானது, அடித்தால் பஞ்சில் பட்டதுபோல் இருக்கும் என்கிறார்கள். அந்த விலைக்கு அதில் அப்படி என்ன இருக்கிறது? எனக்குப் பொருந்துமா?"

பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் தவறு. அந்தக் காரணத்தை நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கிளப் என்னும் மட்டையின் தலைகளைக் கழற்றி, தண்டாகிய ஷாஃப்டை மாற்றுவதும், பந்தை அடிக்கும் முகத்தின் சாய்வுக் கோணமாகிய லாஃப்டையும், தரையோடு ஷாஃப்ட் நிற்கும் கோணமாகிய லையையும் வளைத்துச் சரிசெய்வதும் பல ஆண்டுகளாக என் அன்றாட வேலை. வார்ப்புத் தலைகளும் அடித்துச் செய்த தலைகளும் ஒரே மேசையில் அடுத்தடுத்துக் கிடக்கும். அந்த மேசையில் பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

முதலில் அந்த மென்மையைப் பார்த்துவிடலாம். ஜப்பானிய அயர்ன்களின் பெட்டியில் எஸ்20சி, எஸ்25சி என்று பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். இவை ஜப்பானியத் தரநிலைப் பெயர்கள். முதல் வகையில் கரியின் அளவு சுமார் 0.20 சதவீதம், இரண்டாவதில் சுமார் 0.25 சதவீதம். இரண்டும் சாதாரணமான, கரி குறைந்த எஃகுகள்தாம். விலையுயர்ந்த உலோகம் எதுவும் இதில் இல்லை. உங்கள் வார்ப்பு அயர்ன் பெரும்பாலும் 17-4 என்னும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கும். அது இதைவிடக் கடினமானது, உண்மை. ஆனால் பந்து முகத்தில் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் நசுங்குவது பந்து. அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த எஃகும் பாறைதான். அதிர்வு ஷாஃப்ட் வழியாக ஏறி, விரலுக்கு வந்து, மூளைக்குச் செய்தி போவதற்குள் பந்து பறந்துவிட்டிருக்கும்.

அப்படியானால் கையில் உணர்வது என்ன? பெரும்பகுதி ஓசை. இதைத் தொழிலில் இருப்பவர்களே மறைப்பதில்லை. மிசுனோ நிறுவனம் தன் அயர்ன் தலைகளின் அதிர்வெண்ணை அளந்து, காதுக்கு இதமான ஓசை வரும்படி எடையை இடம் மாற்றி வடிவமைக்கிறது. 2019-இல் வந்த எம்பி-20 வரிசையில் குரோம் முலாமுக்கு அடியில் மெல்லிய செம்புப் பூச்சு வைத்ததும் இந்த உணர்வுக்காகத்தான். அடிபடும் இடத்துக்கு நேர் பின்னால் கனமாக எஃகு இருந்தால் ஓசை தாழ்ந்து, குறுகி முடியும். மெல்லிய முகமும் குடைந்த முதுகும் இருந்தால் ஓசை உயர்ந்து நீளும். அடித்துச் செய்த அயர்ன்கள் பல மஸில்பேக் வடிவில், முதுகு திரண்டு இருப்பதால் அந்த ஆழ்ந்த ஓசை வருகிறது. அதே வடிவில் நன்றாக வார்த்த தலையைக் காதை அடைத்துக்கொண்டு அடித்தால் பிரித்தறிவது மிகக் கடினம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனால் இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் இந்த அயர்ன்களின் உண்மையான சிறப்பு கண்ணுக்குத் தெரியும்.

அந்தச் சிறப்பைத் தேட ஹியோகோ மாநிலத்துக்குப் போக வேண்டும். ஜப்பானின் முதல் கோல்ஃப் கிளப் அங்கேதான், கோபே நகருக்கு மேலே ரொக்கோ மலையில் 1903-இல் தொடங்கப்பட்டது. ஆர்தர் குரூம் என்ற ஆங்கிலேய வணிகர் 1901-இல் தனக்கும் நண்பர்களுக்கும் அமைத்துக்கொண்ட நான்கு குழிகள்தாம் அதன் தொடக்கம். ஆட்டம் பரவப் பரவ, மட்டைகளைப் பிரிட்டனிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. அதே மாநிலத்தில் மிக்கி என்ற ஊர் ரம்பத்துக்கும் இழைப்புளிக்கும் உளிக்கும் பேர்போனது. ஹிமேஜிக்கு வடக்கே இச்சிகாவா என்ற சிற்றூரில் கொல்லர்கள் இருந்தார்கள். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உள்நாட்டிலேயே அயர்ன் தலை அடிக்கும் முயற்சி இந்த வட்டாரத்தில்தான் கைகூடியது. ஜப்பானிய அயர்ன் பிறந்த ஊர் என்று இச்சிகாவா இன்றும் தன்னைச் சொல்லிக்கொள்கிறது. கியோயெய் போன்ற பட்டறைகள் அங்கிருந்து பல நிறுவனங்களுக்குத் தலை அடித்துக் கொடுக்கின்றன. கத்சுஹிரோ மியூரா 1957-இல் தொழிலில் இறங்கி, பிறகு குடும்பத்தோடு வளர்த்த மியூரா கிகென் பட்டறையும் இந்த வட்டாரத்தைச் சேர்ந்ததுதான்.

இங்கே ஒரு கதையை வெட்டிவிட வேண்டும். சாமுராய் வாள் செய்த கைகள், வாளைப்போல மடித்து மடித்து அடித்த எஃகு என்றெல்லாம் விளம்பரத்தில் படித்திருப்பீர்கள். வாளும் அயர்னும் நேரெதிர்ப் பொருள்கள். வாளின் வெட்டும் விளிம்பில் கரி 0.6, 0.7 சதவீதம் இருக்கும். அதைப் பழுக்கக் காய்ச்சி நீரில் முக்கி, துவைச்சல் கொடுத்துக் கடினமாக்குவார்கள். அயர்ன் தலையில் கரி அதில் மூன்றில் ஒரு பங்குதான். மடிப்பதும் இல்லை, துவைச்சலும் இல்லை. கடினமாக்கினால் வளையாது, வளையாவிட்டால் இந்த அயர்னின் பாதிப் பயன் போய்விடும். கொல்லர் மரபு உண்மை, வாள் உவமை விற்பனைக்கு.

கைவேலை என்ற சொல்லையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். யாரும் சம்மட்டியால் ஓங்கி அடித்து அயர்ன் செய்வதில்லை. உருண்டைக் கம்பியை அளவாக வெட்டி, ஏறத்தாழ 1,200 பாகை செல்சியஸில் பழுக்கக் காய்ச்சி, மேலும் கீழும் அச்சுகள் பொருத்திய ராட்சத இயந்திரச் சுத்தியலுக்கு அடியில் இடுக்கியால் பிடித்து வைப்பார்கள். முதல் அடியில் கம்பி வளைந்து முரட்டு உருவம் வரும். அச்சுக்கு வெளியே பிதுங்கிய பிசிறை வெட்டிவிட்டு, மறுபடி காய்ச்சி, இன்னும் நுட்பமான அச்சில் அடிப்பார்கள். இந்த அடிகளில் எஃகின் இழை தலையின் வடிவத்தையொட்டி ஓடும். வார்ப்பில் நுழையக்கூடிய காற்றுக் குமிழிகளுக்கு இங்கே இடமில்லை.

இழை விஷயத்தில் ஜப்பானியர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. மிசுனோவுக்கு நெடுங்காலமாகத் தலை அடித்துக் கொடுப்பது ஹிரோஷிமாவில் உள்ள சூவோ தொழிற்சாலை. அங்கே ஒரே கம்பியிலிருந்து கழுத்தும் தலையும் சேர்த்து அடிக்கிறார்கள். கழுத்திலிருந்து அடிமுனை வரை இழை அறுபடாமல் ஓட வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. மியூரா வேறு வழி போகிறது. தலையைத் தனியாக அடித்து, ஷாஃப்ட் செருகும் கழுத்துப் பகுதியாகிய ஹோசலைத் தனியாகச் செய்து, சுழற்றி உராய்வுச் சூட்டிலேயே ஒட்டவைக்கிறது. கழுத்தை இழுத்து நீட்டும்போது தலையின் எஃகு கலைந்துவிடும், தனியாகச் செய்தால் எடையும் துளையும் துல்லியமாக வரும் என்பது அவர்கள் வாதம். இரண்டு பட்டறைத் தலைகளையும் நான் நிறைய வளைத்திருக்கிறேன். இரண்டும் ஒழுங்காக வளைகின்றன, இரண்டும் வளைத்த இடத்தில் நிற்கின்றன. இந்தச் சண்டையை வைத்துத் தேர்வு செய்யாதீர்கள்.

நிஈகாத்தா மாநிலத்துச் சுபாமே நகரையும் சொல்லாமல் விடக்கூடாது. கரண்டி, கத்தி முதலான உலோக வேலைக்குப் பேர்போன ஊர். எண்டோ நிறுவனம் அங்கிருந்து உலகின் பெரிய பெயர்கள் பலவற்றுக்கு அடித்துக் கொடுத்திருக்கிறது. எபான் என்பது அவர்களின் சொந்த விற்பனைப் பெயர். எண்டோவுக்குத் தாய்லாந்திலும் தொழிற்சாலை உண்டு. ஆகவே ஜப்பானிய அயர்ன் என்பதாலேயே ஜப்பான் மண்ணில் அடித்தது என்று கொள்ள வேண்டாம். தாய்லாந்தில் அடித்ததால் தரம் குறைந்தது என்றும் கொள்ள வேண்டாம்.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். அச்சிலிருந்து வெளிவரும் தலை இறுதி எடையைவிடக் கனமாக, விளிம்பு மழுங்கி, கருத்துக் கிடக்கும். அதைச் சாணை பிடிப்பதில்தான் கை இருக்கிறது. ஓடும் சாணைப் பட்டையின் முன்னால் உட்கார்ந்து, தலையை இரு கையிலும் ஏந்தி, கட்டை விரலால் அழுத்திச் சுழற்றிச் சுழற்றிக் காட்டுவார்கள். தீப்பொறி பறக்கும், நிறுத்தி, துடைத்து, தராசில் வைத்து, மறுபடி காட்டுவார்கள். மேல் விளிம்பின் தடிமன், கழுத்து முகத்தோடு கலக்கும் வளைவு, அடிப்பாகத்தின் முன் விளிம்பு எவ்வளவு மழுங்கியிருக்க வேண்டும், கழுத்துப் பக்க மூலையாகிய குதிகாலை எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே முடிவாகிறது. கூடுதலாகத் தேய்த்துவிட்டால் எஃகைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது; தலையைத் தூக்கிப் போட வேண்டியதுதான். முலாம் பூசிய பிறகு ஒரு மில்லிமீட்டர் பிழைகூடப் பந்தை நோக்கி நிற்கும் ஆட்டக்காரர் கண்ணில் உறுத்தும்.

இதைத் தராசில் பார்க்கலாம். அயர்ன் தொகுதியில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஷாஃப்ட் அரை அங்குலம் குறையும். அதை ஈடுகட்டத் தலை 7 கிராம் கூட வேண்டும். வழக்கமான அளவில் 5-ஆம் அயர்ன் தலை 254 கிராம், 6-க்கு 261, 7-க்கு 268, 8-க்கு 275, 9-க்கு 282. இந்த ஏணியில் ஒரு படி பிசகினால் அந்த ஒரு மட்டை மட்டும் கையில் வேறு மாதிரிக் கனக்கும். 2 கிராம் பிசகினாலே, வீசும்போது தலை கனக்கும் அளவாகிய ஸ்விங் எடையில் ஒரு புள்ளி மாறும். தொழிற்சாலையில் கூட்டமாகச் செய்யும் தொகுதிகளில் தலைகளைச் சற்று இலேசாகவே செய்துவிட்டு, பொருத்தும்போது ஷாஃப்டின் நுனிக்குள் பித்தளைத் தக்கை வைத்து எடையைச் சமன் செய்வார்கள். பழைய தொகுதிகளைச் சூடுகாட்டிக் கழற்றும்போது ஒன்றில் 2 கிராம் தக்கை, அடுத்ததில் 6 கிராம், அதற்கடுத்ததில் ஒன்றுமில்லை என்று மேசையில் விழும். எண்ணில் சரியாகிவிடும். ஆனால் அந்த எடை முகத்தின் நடுவுக்குப் பின்னால் இல்லை, கழுத்துக்குள் இருக்கிறது; தலையின் எடை மையம் குதிகால் பக்கம் நகர்கிறது. நல்ல சாணைக்காரர் செய்த ஒரு தொகுதியை நான் முதன்முதலாக எடை போட்ட நாள் நினைவிருக்கிறது. ஏழு தலைகள். எந்தப் படியிலும் ஏழு கிராமிலிருந்து அரை கிராமுக்கு மேல் விலகல் இல்லை. ஒரு தக்கையும் தேவைப்படவில்லை. விலை எங்கே போகிறது என்று அன்று எனக்குப் புரிந்தது.

இரண்டாவது உண்மையான சிறப்பு, வளைவது. மென்மை பந்துக்கு உதவாது என்றேன். என் வளைப்புக் கருவிக்கு நிறைய உதவும். 17-4 வார்ப்புத் தலையை வளைக்கப் போனால் முரண்டு பிடிக்கும், வளைத்தாலும் திமிறித் திரும்பும், சில நேரம் கழுத்தே முறியும். எஸ்25சி தலை சொன்னபடி கேட்கும்; 2 பாகை வரை எந்தப் பக்கமும் பயமின்றி வளைக்கலாம். உங்களைப் போன்ற ஆட்டக்காரருக்கு இது எவ்வளவு பெரிது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 34 பாகை லாஃப்ட் உள்ள 7-ஆம் அயர்னில் லை ஒரு பாகை தவறாக இருந்தால், முகம் இலக்கிலிருந்து ஏறத்தாழ 0.7 பாகை விலகி நிற்கிறது. 150 மீட்டர் தொலைவில் அது ஒன்றே முக்கால் மீட்டர். பழுதில்லாமல் அடித்த அடி ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் விழும். நீங்களோ ஸ்விங்கில் குறை தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வளைவதற்கு ஒரு விலையும் உண்டு. கையால் வளைவது தரையாலும் வளையும். பயிற்சித் திடலின் பிளாஸ்டிக் விரிப்பில் நாள்தோறும் நூறு பந்து அடித்தால் ஓராண்டில் லாஃப்ட் ஒரு பாகை, அதற்கு மேலும்கூட, நகர்ந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை அளந்து பார்ப்பதைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள். லாஃப்டை ஒரு பாகை குறைத்தால் அடிப்பாகம் மண்ணில் புதையாமல் தாங்கும் கோணமாகிய பவுன்ஸும் ஒரு பாகை குறையும் என்பதை வளைப்பவர் உங்களிடம் சொல்ல வேண்டும். சொல்லாதவரிடம் கொடுக்காதீர்கள். ஒருவர் பெருநகரக் கடை ஒன்றில் தொகுதி முழுவதையும் 3 பாகை குறைத்து வாங்கி வந்தார். தூரம் கூடியது, ஆனால் முன் விளிம்பு மண்வெட்டியாக மாறி, ஈரத் தரையில் ஒவ்வொரு அடியும் புதைந்தது. திருப்பி வளைத்துக் கொடுத்தேன். இரண்டு தலைகளின் கழுத்தில் முலாம் விரிசல் விட்டுவிட்டது.

உங்களுக்குப் பொருந்துமா என்பதற்கு வருகிறேன். ஹேண்டிகேப் எண்ணை நான் நம்புவதில்லை. பந்து முகத்தில் எங்கே படுகிறது என்பதைத்தான் கேட்பேன். பிளேடு என்னும், முதுகு குடையாத மஸில்பேக் வகை மெல்லிய வடிவம் நடுவில் பட்டால் மிக நன்றாகப் பேசும். நடுவை விட்டு ஒரு விரற்கடை விலகினால் தூரம் வெளிப்படையாகக் குறையும். கேவிட்டி பேக் எனப்படும் குடைந்த முதுகு எடையை ஓரங்களுக்குத் தள்ளுவதால் அந்தப் பிழையைப் பெருமளவு தாங்கும். உங்கள் 7-ஆம் அயர்னின் முகத்தில் பாதத்துக்குப் போடும் பவுடரைத் தூவி இருபது பந்து அடியுங்கள். ஒவ்வொரு தடத்தையும் துடைக்காமல் விடுங்கள். தடங்கள் பத்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் பிளேடு வாங்குங்கள், தயங்க வேண்டாம். முட்டை அளவுக்குப் பரவினால், அதே பட்டறைகள் செய்யும் அடித்த கேவிட்டி பேக் இருக்கிறது. அதே எஃகு, அதே சாணை, அதே வளைவு. கௌரவத்துக்காகப் பிளேடு வாங்கி ஓராண்டில் விற்றவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

கலந்து வாங்குவது இன்னும் நல்லது. 8, 9, குறுந்தூர மட்டையான பிட்சிங் வெட்ஜ் ஆகியவை பிளேடாகவும், 5, 6, 7 குடைந்த முதுகாகவும் இருக்கலாம். ஒரே பட்டறையின் இரண்டு வடிவங்களாக எடுத்தால் லாஃப்ட் படிகள் ஒத்துப்போகும். 4-ஆம் அயர்னைப் பிளேடில் வாங்கும் ஆசையை விட்டுவிடுங்கள். அந்த இடத்தில், அயர்னும் மர மட்டையும் கலந்த வடிவமான ஹைப்ரிட் உங்களுக்கு அதிகம் உழைக்கும்.

தூரத்தைப் பார்த்து மிரளவும் வேண்டாம். இந்த வகை 7-ஆம் அயர்னின் லாஃப்ட் பொதுவாக 34 பாகையை ஒட்டி இருக்கும். தூரத்தை முன்னிறுத்தி விற்கும் தொகுதிகளில் அதே எண் 28, 29 பாகைக்கு இறங்கிவிட்டது. உங்கள் பழைய 7-ஆம் அயர்ன் உண்மையில் ஒரு 6-ஆம் அயர்னாக இருக்கலாம். வாங்குவதற்கு முன் பழையதை அளந்து, எண்ணை மறந்து, பாகையை வைத்து ஒப்பிடுங்கள்.

அடிப்பாகத்தைப் பற்றி ஒன்று. இதை விற்பவர்கள் பேசுவதே இல்லை. ஜப்பானிய ஆடுகளங்களில் பெரும்பாலும் கொராய் என்ற விறைப்பான புல். பந்து அதன்மேல் தூக்கி வைத்ததுபோல் உட்காரும். அந்தப் புல்லில் பழகிய கைகள் சாணை பிடித்த அடிப்பாகம் பல மாடல்களில் ஒடுங்கியும் பவுன்ஸ் குறைந்தும் இருக்கும். நீங்கள் ஆடுவது மழைக்காலத்தில் இளகும் மண்ணிலா, கோடையில் இறுகும் தரையிலா என்று பாருங்கள். இளகிய மண் என்றால் முன் விளிம்பை மழுக்கிய, அடிப்பாகம் அகன்ற மாடலைக் கேளுங்கள். சில ஜப்பானிய விற்பனையாளர்கள் ஆர்டர் எடுக்கும்போதே சாணை விருப்பத்தைக் குறித்துக்கொள்வார்கள். கேட்டால் கிடைக்கும்.

முலாமில் குரோம் எடுங்கள். முலாமே இல்லாத பச்சை எஃகு பார்க்க அழகு. ஆனால் கடற்கரை ஊர்க் காற்றில் ஒரே வாரத்தில் துரு படரும். நாள்தோறும் எண்ணெய்த் துணியால் துடைக்கப் பொறுமை இருந்தால் மட்டும் அதன் பக்கம் போங்கள்.

பழையது வாங்கினால் தராசை எடுத்துக்கொண்டு போங்கள். காந்தம் ஒட்டினால் அசல் என்று சிலர் சொல்வார்கள். அது சோதனையே அல்ல, 17-4 வார்ப்பு எஃகும் காந்தத்தில் ஒட்டும். போலித் தொகுதியைக் காட்டிக்கொடுப்பது எடைதான். ஷாஃப்ட் பொருத்திய மட்டைகள் என்றால் முழு மட்டையையும் எடை போட்டு, நீளமானதிலிருந்து வரிசையாக எழுதுங்கள். ஷாஃப்டும் கிரிப்பும் எல்லாவற்றிலும் ஒரே வகையாக இருந்தால் எடை படிப்படியாக ஏற வேண்டும். ஒன்று திடீரென்று குதித்தாலோ இறங்கினாலோ விலகிவிடுங்கள். பிறகு முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முந்தையவர் நன்றாக ஆடியவர் என்றால் கோடுகளின் நடுவே, சற்றுக் குதிகால் பக்கமாக, மங்கலான ஒரு சிறு வட்டம் மட்டும் தேய்ந்திருக்கும். அந்த வட்டத்தில் கோடுகளின் விளிம்பு இன்னும் நகத்தில் தட்டுகிறதா என்று தடவிப் பாருங்கள். தட்டினால் வாங்கலாம். வாங்கிய மறுநாளே லாஃப்டையும் லையையும் அளந்து, ஒரு தாளில் எழுதிப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு எவ்வளவு நகர்ந்தது என்பதை அந்தத் தாளை வைத்துத்தான் சொல்ல முடியும்.